டென்ஷன் வரலாம், தங்கக் கூடாது: வாசகர் கேள்வி - பதில்

மன அழுத்தம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், அடிக்கடி வந்தவற்றை எடுத்துக்கொண்டோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: டென்ஷனே இல்லாமல் வாழ ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்களேன்.

பதில்: வழி கிடையாது. இருந்தாலும் சொல்ல மாட்டோம். குறுக்கே வண்டி பாயும்போது யோசிப்பதற்கு முன்பே கால் தானாகப் பின்வாங்குகிறதே, அதைச் செய்ய வைப்பதும் நீங்கள் ஒழித்துக்கட்ட நினைக்கும் இதே டென்ஷன்தான். ஆபத்து என்று மூளை முடிவு கட்டிய நொடியில் அட்ரினலின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமெடுக்கும். ஜீரண உறுப்புகளுக்குப் போக வேண்டிய ரத்தம் தசைகளுக்குத் திரும்பும். வாய் உலரும், உள்ளங்கை வியர்க்கும். எதிர்த்து நிற்கவோ ஓடவோ உடம்பு தயாராகிவிட்டது என்று அர்த்தம். வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர் 1915-லேயே இதை விளக்கிவிட்டார்.

அட்ரினலின் சில நிமிடங்களில் கரைந்துவிடும். அதன் பின்னாலேயே வருகிற கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் அவ்வளவு சீக்கிரம் போகாது. மூளையில் ஹைப்போதலாமஸ் கட்டளையிட, பிட்யூட்டரி அதைக் கடத்த, சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி கார்டிசாலை விடுவிக்கிறது. சம்பவம் தொடங்கி 20 முதல் 30 நிமிடத்தில் அது உச்சத்தைத் தொடும். இறங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். வாக்குவாதம் முடிந்து முக்கால் மணி நேரம் கழித்தும் சம்பந்தமில்லாத ஆள் மீது எரிந்து விழுகிறோமே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதுவரை எல்லாம் இயல்பு. சிக்கல் எங்கே என்றால், ஒன்று இறங்கி முடிப்பதற்குள் அடுத்தது ஏறிவிடுவதில். மாதக்கணக்கில் இப்படியே போனால் ரத்த அழுத்தமும் ரத்தச் சர்க்கரையும் கூடலாம், தூக்கம் கெடும், நோய் எதிர்ப்பு சக்தி குறையும். 1991-இல் வெளியான ஓர் ஆய்வில், மன அழுத்தம் எவ்வளவு என்று முதலில் அளந்துவிட்டு, ஆரோக்கியமான தன்னார்வலர்களின் மூக்கில் சளி வைரஸ் கலந்த சொட்டுகளை விட்டார்கள். அழுத்தம் அதிகமாக இருந்தவர்களிடமே தொற்று அதிகமாகப் பிடித்தது.

ஆகவே ஒரு நாளைக்கு எத்தனை முறை டென்ஷன் ஆனீர்கள் என்று எண்ணாதீர்கள். ஒவ்வொரு முறையும் பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு தாளில் இரண்டே விவரம் போதும்: தூண்டிய விஷயம் எத்தனை மணிக்கு, தோளும் தாடையும் தளர்ந்தது எத்தனை மணிக்கு. பத்து நிமிடத்தில் இறங்குகிற டென்ஷனை விட்டுவிடலாம். மறுநாள் காலை வரை இறங்காதது எதுவோ, முதலில் கைவைக்க வேண்டியது அதில்தான்.

கேள்வி: 'ஆழமா மூச்சை இழுத்து விடு' என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் எனக்குத் தலை சுற்றுகிறது, விரல் நுனி மரத்துப்போகிறது. பயம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. என்ன தப்பு செய்கிறேன்?

பதில்: தப்பு உங்களுடையது அல்ல, அந்த அறிவுரையுடையது. படபடப்பில் இருப்பவர் ஏற்கெனவே தேவைக்கு மேல் சுவாசித்துக்கொண்டிருப்பார். அதற்கு மேலும் வாயைத் திறந்து பெரிது பெரிதாக இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு சடாரென்று குறையும். அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், அதனால் தலைச் சுற்றல். ரத்தத்தின் அமில நிலை மாறுவதால் விரல்களிலும் உதட்டைச் சுற்றியும் குறுகுறுப்பு. மூச்சு முட்டுவது போலவே இருப்பதால் இன்னும் வேகமாக இழுப்பீர்கள், வட்டம் தொடரும்.

உங்களுக்கு வேண்டியது பெரிய மூச்சு இல்லை. சின்ன மூச்சு, மெதுவான மூச்சு, முக்கியமாக நீளமாக வெளியே விடும் மூச்சு. உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் கூடும், வெளிவிடும்போது, இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் பிடியில் கொஞ்சம் குறையும். நாடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சுவாசித்தால் பலருக்கு இது விரலுக்கே தெரியும். வெளிவிடும் நேரத்தை நீட்டினால் குறையும் பக்கம் எடை கூடுகிறது.

செய்முறை இது. நாற்காலியில் முதுகு சாய்த்து உட்காருங்கள். ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில். முதல் வேலை, உள்ளே இருக்கும் காற்றை மெல்ல வெளியே விடுவது. பிறகு மூக்கு வழியாக 4 எண்ணும் வரை உள்ளே. வயிற்றுக் கை மட்டும் அசைய வேண்டும், நெஞ்சுக் கை ஏறக்குறைய அப்படியே இருக்கட்டும். அடுத்து 6 எண்ணும் வரை வெளியே, உதட்டைக் குவித்து விட்டாலும் சரி. ஒரு சுற்றுக்கு 10 நொடி, நிமிடத்துக்கு 6 மூச்சு. சாதாரணமாக நாம் 12 முதல் 20 முறை சுவாசிக்கிறவர்கள். எனவே ஆரம்பத்தில் 4-6 திணறலாக இருந்தால் 3-4 என்று தொடங்கி ஒரு வாரத்தில் நீட்டிக்கொள்ளுங்கள். 5 நிமிடம் போதும்.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் மூன்று. உள்ளிழுக்கும்போது தோளைத் தூக்குவது ஒன்று. கடைசிச் சொட்டுக் காற்று வரை பிழிந்து வெளியேற்றுவது இன்னொன்று. அப்படிச் செய்தால் அடுத்த மூச்சு தானாகவே பெரிதாகிவிடும். மூன்றாவதுதான் பெரியது: படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது முதல் முறையாக முயல்வது. அமைதியாக இருக்கும் நேரத்தில் தினம் இரண்டு வேளை பழகியிருந்தால்தான் நெருக்கடியில் கைகொடுக்கும்.

சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே பதற்றம் கூடும். அவர்கள் கவனத்தை உடம்புக்கு வெளியே வைக்கலாம். பாதத்தைத் தரையில் அழுத்திக்கொண்டு, கண்ணில் படும் ஐந்து பொருள்களை நிறம், ஓரம், நிழல் என்று விவரமாகப் பார்ப்பது நல்ல மாற்று. காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் அது ஆபத்தில் முடியும்.

கேள்வி: படுத்ததும் தூங்கிவிடுகிறேன். ஆனால் 3 மணிக்கு டாண் என்று விழிப்பு வந்துவிடுகிறது. அதன் பிறகு கடன், பிள்ளைகள் படிப்பு, ஆபீஸ் என்று ஊர்வலம். 6 மணிக்குத்தான் கண் சொக்குகிறது, அப்போது எழுந்தாக வேண்டும்.

பதில்: ராத்திரியில் விழிப்பது எல்லோருக்கும் நடக்கிறது. சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாகத் தூக்கம் ஓடுகிறது. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் முன்னிரவிலேயே முடிந்துவிடும். பின்னிரவில் தூக்கம் லேசாக இருக்கும், விடியலுக்குத் தயாராகக் கார்டிசாலும் மெல்ல ஏறத் தொடங்கியிருக்கும். ஆகவே 3 மணி விழிப்பில் அதிசயம் எதுவும் இல்லை. விழித்த பின் செய்வதுதான் வித்தியாசத்தை உண்டாக்குகிறது.

முதலில் கடிகாரம். மணி பார்த்தவுடன் 'இன்னும் மூன்று மணி நேரம்தான்' என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்புங்கள், போனைக் கைக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். அலாரம் அங்கிருந்தும் அடிக்கும்.

சுமார் 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வராதது போலத் தோன்றினால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுங்கள். மங்கிய விளக்கு, சுவாரஸ்யமே இல்லாத ஏதாவது வேலை: துணி மடிக்கலாம், ஏற்கெனவே படித்த புத்தகத்தைப் புரட்டலாம். கண் செருகும்போது மட்டும் திரும்பி வாருங்கள். படுக்கையிலேயே புரண்டு கவலைப்பட்டுக்கொண்டிருந்தால், படுக்கை என்றாலே கவலைப்படும் இடம் என்று மூளை பழகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தை உடைப்பதற்குத்தான் இந்த எழுந்து போகும் வேலை. முதல் சில இரவுகள் தூக்கம் இன்னும் குறையும், அலுப்பாக இருக்கும். அதைப் பார்த்துப் பாதியில் கைவிட்டுவிடுகிறவர்களே அதிகம்.

எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழும் நேரம் மாறக் கூடாது, விடுமுறை நாளிலும். முந்தின நாள் தூக்கத்தை ஈடுகட்டச் சீக்கிரம் படுப்பதும், பகலில் ஒரு மணி நேரம் அயர்வதும் அன்றைய ராத்திரியைத்தான் தின்னும்.

இனி அந்த ஊர்வலம். அதை ராத்திரியில் தடுக்க முடியாது, சாயங்காலமே கூப்பிட்டு உட்கார வைத்துவிட வேண்டும். தினமும் ஒரே நேரத்தில், படுப்பதற்குக் குறைந்தது இரண்டு மூன்று மணி நேரம் முன்பாக, 15 முதல் 20 நிமிடம் கவலைக்கென்றே ஒதுக்குங்கள். படுக்கையறையில் வேண்டாம். தாளை நடுவில் கோடிட்டு இடப்பக்கம் கவலையையும், வலப்பக்கம் அதற்கான அடுத்த ஒரு அடியையும் எழுதுங்கள். 'கடன்' என்று இடப்பக்கம் எழுதிவிட்டு வலப்பக்கம் 'ஏதாவது செய்யணும்' என்று எழுதினால் அது 3 மணிக்கு மறுபடி வரும். 'வியாழன் 11 மணிக்கு வங்கிக்குப் போன் செய்து தவணைக் காலத்தை நீட்ட முடியுமா என்று கேட்கணும்' என்று எழுதினால் வரும் வாய்ப்பு குறைவு. செய்வதற்கு எதுவும் இல்லாத கவலை என்றால் 'இதில் என் கையில் எதுவும் இல்லை' என்றே எழுதிவிடுங்கள். நேரம் முடிந்ததும் தாளை மூடிவிடுங்கள். பகலில் வேறு நேரத்தில் கவலை வந்தால் ஒரே ஒரு சொல்லாகக் குறித்துவிட்டு 'சாயங்காலம் பார்க்கலாம்' என்று தள்ளிவையுங்கள்.

மறுநாள் வேலைகளைப் படுக்கும் முன் 5 நிமிடம் எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள் என்று 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வுகூட இருக்கிறது. பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்ததாம்.

இன்னொன்று. பலத்த குறட்டை, பகல் முழுக்கத் தூக்கக் கலக்கம் என்று இருந்தால், விழிப்புக்குக் காரணம் கவலையாக இல்லாமல் தூக்கத்தில் மூச்சு தடைபடுவதாக இருக்கலாம். அதைத் தாள் எழுதித் தீர்க்க முடியாது, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கேள்வி: டென்ஷனானால் ஒரு காபி, இல்லாவிட்டால் ஒரு சிகரெட். இரண்டும் உடனே ஆறுதலாக இருக்கிறது. எதை விடுவது?

பதில்: ஆறுதல் உண்மைதான், ஆனால் அது யார் கொடுத்த நோவுக்கு யார் போடும் மருந்து என்று பாருங்கள். நிக்கோடின் ரத்தத்தில் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அது குறையும்போது எரிச்சலும் அமைதியின்மையும் வரும். அடுத்த சிகரெட் அந்த எரிச்சலைத்தான் தீர்க்கிறது, உங்கள் மேலதிகாரியை அல்ல. விட்டவர்களுக்கு முதல் சில வாரங்கள் கடினம். அதைத் தாண்டியவர்களிடம் பதற்றமும் அழுத்தமும் முன்பைவிடக் குறைகின்றன என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன.

காபியை விட வேண்டாம், நேரத்தை மாற்றினால் போதும். காஃபீன் பாதியாகக் குறையச் சராசரியாக 5 மணி நேரம் பிடிக்கும். மாலை 5 மணிக்குக் குடித்ததில் பாதி, ராத்திரி 10 மணிக்கும் உள்ளே இருக்கும். கர்ப்பிணிகளுக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இன்னும் மெதுவாகவே வெளியேறும். பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம் வரை பரவாயில்லை, கர்ப்பிணிகளுக்கு 200. ஒரு கோப்பை காபியில் திடத்தைப் பொறுத்து 60 முதல் 100 மில்லிகிராம் வரை இருக்கலாம், தேநீரில் ஏறக்குறைய அதில் பாதி. படபடப்பு அடிக்கடி வருகிறவர்கள் இந்த வரம்பையும் நம்ப வேண்டாம், நண்பகலோடு நிறுத்திப் பாருங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் மறுநாள் தலைவலி பிளக்கும், சில சமயம் ஒரு வாரம்கூட நீடிக்கும். இரண்டு மூன்று நாளுக்கு அரைக் கோப்பை என்று குறைத்து வாருங்கள்.

மதுவைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் சேர்த்து: அது தூங்க வைக்கும், பின்னிரவில் எழுப்பியும் விடும்.

கேள்வி: அல்சர் என்று டாக்டர் சொல்கிறார். எல்லாம் டென்ஷனால் வந்தது என்கிறார் என் அக்கா.

பதில்: அக்கா சொல்வது ஒரு காலத்தில் மருத்துவர்களும் சொன்னதுதான். பெரும்பாலான குடற்புண்களுக்குக் காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா, அல்லது தொடர்ந்து சாப்பிட்ட வலி மாத்திரைகள். அந்தப் பாக்டீரியாவின் பங்கைக் கண்டுபிடித்ததற்காக 2005-இல் பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. டென்ஷன் வலியைக் கூட்டிக் காட்டும். ஆனால் தியானம் செய்து பாக்டீரியாவைத் துரத்த முடியாது. கொடுத்த மாத்திரைகளை நாள் கணக்குப்படி முடியுங்கள். மலம் கறுத்துப் போனாலோ, வாந்தியில் ரத்தம் தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: வேலைப் பளு தாங்க முடியவில்லை. ஒரு வாரம் லீவு போட்டு வந்தேன். திரும்பி வந்த மூன்றாம் நாளே பழைய நிலை. நேர மேலாண்மை வகுப்புக்குப் போகலாமா?

பதில்: பணத்தை மிச்சப்படுத்துங்கள், முதலில் ஒரு கூட்டல் கணக்கு போட்டுவிடலாம்.

வேலையில் அழுத்தம் கொடுப்பது வேலையின் அளவு மட்டும் அல்ல. நம்மிடம் கேட்கப்படுவது அதிகம், முடிவெடுக்கும் அதிகாரம் குறைவு என்ற சேர்க்கைதான் ஆளை அதிகம் வாட்டுகிறது. ராபர்ட் காராசெக் என்ற சமூகவியல் அறிஞர் 1979-இல் முன்வைத்த இந்தக் கருத்து இன்றும் பேசப்படுகிறது. பிரிட்டன் அரசு ஊழியர்களிடம் 1967-இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்விலும், பெரிய பொறுப்பில் இருந்த அதிகாரிகளைவிடக் கடைநிலையில் இருந்தவர்களே இதய நோயால் அதிகம் இறந்தார்கள். அங்கே புகைப்பழக்கம் போன்ற வேறு காரணங்களும் உண்டு, ஆனால் அவற்றைக் கழித்த பிறகும் இடைவெளி முழுதாக மூடவில்லை. எனவே லீவு போட்டு இளைப்பாறினாலும், திரும்பி வந்து உட்காரும் நாற்காலியில் அதே அளவு வேலையும் அதே கட்டப்பட்ட கையும் இருந்தால், லீவின் பலன் சில நாளிலோ சில வாரத்திலோ கரைந்துவிடும்.

கூட்டல் கணக்கு இதுதான். கையில் உள்ள எல்லா வேலைகளையும் ஒரு தாளில் இறக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் என்று எழுதி, அதை ஒன்றரையால் பெருக்குங்கள். நாம் எல்லோருமே நேரத்தைக் குறைத்து மதிப்பிடுகிறவர்கள். வாரத்துக்கு 45 மணி நேரம் வேலை என்றால் கூட்டங்கள், மின்னஞ்சல், திடீர் அழைப்புகள் போக உண்மையில் மிஞ்சுவது 30 மணி நேரம் இருக்கலாம். பட்டியலின் கூட்டுத்தொகை 52 வந்தால், உங்கள் திறமையில் குறை இல்லை, கணக்கில்தான் இடிக்கிறது. எந்த வகுப்பும் 30-க்குள் 52-ஐ அடைக்காது.

அந்தத் தாளோடு மேலதிகாரியைப் பாருங்கள். 'ரொம்ப டென்ஷனா இருக்கு சார்' என்று தொடங்கினால் 'எல்லாருக்கும்தான் இருக்கு' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதற்குப் பதில், 'சார், இந்த வாரம் 30 மணி நேரம் இருக்கு, கையில 52 மணி நேர வேலை இருக்கு. அறிக்கையும் தணிக்கையும் முடிச்சிடறேன், மத்த மூணுல எதை அடுத்த வாரத்துக்குத் தள்ளலாம்னு சொல்லுங்க' என்று கேளுங்கள். தேர்வு அவருடையது என்றாகிவிட்டால் விளைவின் பொறுப்பில் பங்கும் அவருக்கு வரும். எல்லா மேலதிகாரிகளும் இணங்கிவிடுவார்கள் என்று சொல்ல மாட்டோம். மறுத்தாலும், கேட்டதை அன்றைக்கே இரண்டு வரி மின்னஞ்சலாக அனுப்பி வையுங்கள்.

வேலை முடிக்கும்போது கடைசி 10 நிமிடத்தைப் புதிய வேலைக்குக் கொடுக்காதீர்கள். பாதியில் நிற்கும் ஒவ்வொன்றுக்கும் நாளை தொடங்க வேண்டிய முதல் அடியை எழுதிவிட்டுக் கணினியை மூடுங்கள். முடியாத வேலை மனத்தை நச்சரிக்கும். அடுத்த அடி நிச்சயமாகிவிட்டால் நச்சரிப்பு கணிசமாகக் குறையும். இடைவேளை எடுத்து அதில் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தால் அது இடைவேளைக் கணக்கில் வராது. எழுந்து 5 நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள்.

சோர்வோடு கூட, வேலை மீதே வெறுப்பும், 'நான் எதைச் செய்தும் பயனில்லை' என்ற எண்ணமும் சேர்ந்திருக்கிறதா? உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, பணிச்சூழலால் வரும் 'பர்ன்அவுட்'டுக்கு இந்த மூன்றையும்தான் அடையாளமாகச் சொல்கிறது. அதை ஒரு நோயாக அது கருதவில்லை, பணி தொடர்பான நிலை என்றே வைத்திருக்கிறது. சரிசெய்ய வேண்டியது வேலையின் அமைப்பையும்தான்.

கேள்வி: கழுத்தும் தோளும் கல் மாதிரி இறுகிக் கிடக்கின்றன. காலையில் எழுந்தால் தாடை வலிக்கிறது. மசாஜ் செய்தால் ஒரு நாள் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பதில்: தசை இறுகியிருப்பதே தெரியாமல் நாள் முழுக்க இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். இறுக்கத்துக்கும் தளர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தசைக்கே கற்றுக்கொடுக்கும் பயிற்சி ஒன்றை எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் உருவாக்கினார். இப்போது செய்வது அதன் சுருக்கம்.

படுத்தோ சாய்ந்தோ இருங்கள். வலது கையை முஷ்டியாக 5 முதல் 7 நொடி இறுக்குங்கள், முழுப் பலத்தோடு வேண்டாம், முக்கால் பலம் போதும். பிறகு சட்டென்று விட்டுவிட்டு 20 முதல் 30 நொடி சும்மா இருங்கள். பயிற்சியின் உயிர் இந்த 30 நொடியில்தான் இருக்கிறது. கை கனப்பதையும் வெதுவெதுப்பதையும் கவனியுங்கள். அவசரத்தில் இதைத்தான் எல்லோரும் வெட்டிவிடுகிறார்கள். அடுத்து இடது கை, மேற்கைகள், தோள் (காது வரை தூக்கி விடுவது), நெற்றி, கண், தாடை, வயிறு, தொடை, கெண்டைக்கால். கெண்டைக்காலை இறுக்கும்போது பாதத்தை முகம் நோக்கி மடக்குங்கள். விரல் நுனியைக் கீழே நீட்டினால் சுளுக்கிக்கொள்ளும். அடிபட்ட இடத்தையும் அறுவைச் சிகிச்சை நடந்த இடத்தையும் தாண்டிப் போய்விடுங்கள். முழுச் சுற்று 15 நிமிடம் ஆகும். இரண்டு மூன்று வாரம் தினமும் செய்தால், பகலில் தோள் ஏறத் தொடங்கும்போதே உங்களுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

தாடைக்குத் தனியாக ஒன்று: வாய் மூடியிருக்கும்போது உதடுகள் சேர்ந்திருக்கலாம், பற்கள் சேரக் கூடாது. மென்று விழுங்கும் நேரம் தவிர மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட்டுக்கொள்ள வேலையே இல்லை. காலை வலி தொடர்ந்தால் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்களா என்று பல் மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கோபத்தை அடக்கி வைக்காமல் கத்தித் தீர்த்துவிட்டால் நல்லதுதானே?

பதில்: தீராது. 2002-இல் வெளியான ஒரு சோதனையில், கோபமூட்டிய ஆளை நினைத்துக்கொண்டே குத்துப் பையைக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக மிஞ்சியது. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் குறைவு. சண்டை முற்றினால் '8 மணிக்குப் பேசலாம்' என்று நேரம் சொல்லிவிட்டு விலகுங்கள். நேரம் சொல்லாமல் போனால் எதிராளிக்கு அது அலட்சியமாகப் படும். உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடம் தேவை. அந்த நேரத்தில் 'அவர் எப்படி அப்படிக் கேட்கலாம்' என்று உள்ளுக்குள் வழக்காடிக்கொண்டிருந்தால் உடம்பைப் பொறுத்தவரை சண்டை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

கேள்வி: என் கணவர் மூன்று மாதமாக யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. சாப்பாடு பாதி, தூக்கம் பாதி. 'டென்ஷன், சரியாகிவிடும்' என்கிறார். போன வாரம் நெஞ்சு படபடத்து வியர்த்துவிட்டது. நண்பர் கொடுத்த தூக்க மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: மூன்று விஷயங்களைக் கலந்து எழுதியிருக்கிறீர்கள், தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் நெஞ்சு. திடீர்ப் பதற்றத் தாக்குதல் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் மெல்ல அடங்கும். ஆனால் அது பதற்றம்தான் என்று வீட்டிலிருந்தபடி முடிவு செய்ய யாராலும் முடியாது. நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சுத் திணறல், குளிர் வியர்வை என்று மறுபடி வந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள். வராவிட்டாலும் இந்த வாரமே ஓர் ஈ.சி.ஜி., ரத்த அழுத்தம், தைராய்டு, ஹீமோகுளோபின் பார்த்துவிடுவது நல்லது. தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும்.

இரண்டாவது மாத்திரை. ஒருவருக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை இன்னொருவர் சாப்பிடக் கூடாது. அந்த வகை மாத்திரைகள் பலவற்றை மருத்துவர்களே சில வாரங்களுக்கு மேல் கொடுக்கத் தயங்குவார்கள், ஏனென்றால் பழக்கமாகிவிடும். மதுவோடு சேர்ந்தால் மூச்சே நின்றுபோகும் ஆபத்து உண்டு. அதே நேரம், தினமும் போட்டுப் பழகியிருந்தால் அவராகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. எவ்வளவு நாளாக, எத்தனை மாத்திரை என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பார்.

மூன்றாவது, பேச்சும் சாப்பாடும் தூக்கமும் போனது. தூண்டிய காரணம் விலகினால் டென்ஷன் தளரும். காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி சோர்வு, எதிலும் ஆர்வம் இல்லை, பசி தூக்கம் மாறிவிட்டது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்க வாய்ப்புண்டு. இதற்குச் சிகிச்சை இருக்கிறது. பேச்சு வழிச் சிகிச்சை பொதுவாக 6 முதல் 20 அமர்வுகள் போகும். மருந்து தேவைப்பட்டால் அது வேலை செய்யத் தொடங்கவே சில வாரம் ஆகும், அதற்குள் 'பலனில்லை' என்று நிறுத்திவிடக் கூடாது.

அவரிடம் பேசும்போது 'கவலைப்படாதீங்க', 'இதெல்லாம் ஒரு விஷயமா' என்ற இரண்டையும் தவிருங்கள். முகம் பார்த்து உட்காராமல், நடந்துகொண்டோ பக்கத்தில் உட்கார்ந்தோ பேசினால் பல ஆண்களுக்கு வாய் திறக்கும். 'யோசனை சொல்லணுமா, கேட்டா மட்டும் போதுமா?' என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். 'ஏதாவது உதவி வேணுமா' என்பதற்கு 'வேண்டாம்' என்றுதான் பதில் வரும். 'நாளைக்குப் பத்தரை மணிக்கு டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன், நானும் கூட வர்றேன்' என்றால் மறுப்பது கடினம்.

'வாழ்ந்து என்ன பயன்', 'நான் இல்லாவிட்டால் உங்களுக்கெல்லாம் நிம்மதி' என்ற தொனியில் பேசினால், சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், மாத்திரைகளை அவர் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள், அன்றைக்கே மனநல மருத்துவரிடமோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ கூட்டிப்போங்கள்.

கேள்வி: என் கைக்கடிகாரம் அடிக்கடி 'ஸ்ட்ரெஸ் அதிகம்' என்று அதிர்கிறது. அதைப் பார்த்தாலே ஸ்ட்ரெஸ் ஆகிறது!

பதில்: அந்தக் கடிகாரம் தோலுக்கு அடியில் ஒளி பாய்ச்சி, இரண்டு துடிப்புகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கிறது. மாற்றம் குறைந்தால் ஸ்ட்ரெஸ் என்று கணக்கிடுகிறது. படியேறியது, காய்ச்சல், முந்தின ராத்திரி குடித்த மது, கிரிக்கெட்டில் கடைசி ஓவர் எல்லாமே அதற்கு ஒன்றுதான். ஒவ்வொரு நாள் எண்ணும் பெரிதாக எதையும் சொல்லாது. உங்கள் இரண்டு மூன்று வாரச் சராசரியோடு ஒப்பிட்டால் ஏதாவது தெரியலாம், பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு ஒப்பிட்டால் எதுவும் தெரியாது. அமைப்புகளுக்குள் போய் அந்த அறிவிப்பை மட்டும் அணைத்துவிடுங்கள், நடை எண்ணிக்கை இருக்கட்டும்.